மச்சானுக்காக வாங்கிய இரும்புப் பெட்டி

எல்லாரும் திருடனுக்குப் பயந்து இரும்புப் பெட்டி வாங்குவார்கள். நான் வாங்கியது என் அக்காவின் கணவருக்காக. ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குள் எந்தத் திருடனும் நுழைந்ததில்லை. இவர்தான் வாணியம்பாடியிலிருந்து ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு வருவார், வயிறு முட்டச் சாப்பிடுவார், பிறகு என் தகப்பனாரின் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆலங்காயம் மலைக்கு வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்.

நாங்கள் அத்தா என்று கூப்பிட்ட தகப்பனார் மௌத்தாகி அடக்கமான பிறகு துப்பாக்கியின் லைசன்ஸ் என் பெயருக்கு மாறியிருந்தது. தோல் பதனிடும் ஷாப்பும் அவர் விட்டுப்போனதுதான். ஆனால் தோல் ஷாப் ஆம்பூரில் தெருவுக்கு ஒன்று உண்டு, துப்பாக்கி எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தாவையே பார்ப்பதுபோல இருக்கும். அதை அந்த மனிதர் ஊன்றுகோல்போலத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

கொடுக்க முடியாது என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். எங்கள் வீடுகளில் மாப்பிள்ளையிடம் அப்படிச் சொல்லும் வாய் யாருக்கும் கிடையாது. "அவரை ஒண்ணும் சொல்லிடாதடா, உங்கக்கா அங்க போய் வாழணும்" என்று அம்மா என் வாயை அடைத்துவிடுவார். வாயால் சொல்ல முடியாததைப் பூட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முதலில் தேக்கு பீரோவில் வைத்துப் பூட்டினேன். அடுத்த முறை வந்தவர் கதவின் கீலைக் கழற்றிவிட்டு எடுத்துப்போனார். திரும்பி வந்து, "இன்னா மாப்ளே, பீரோ கீலு லூசா இருந்திச்சி, பாத்துக்கோ" என்று எனக்கே புத்தி சொன்னார். பிறகு நீளமாக ஒரு தகரப் பெட்டி செய்யச் சொல்லி, பெரிய பூட்டாகப் போட்டேன். நான் ஷாப்பில் இருந்தபோது பெட்டியைக் கவிழ்த்து, அடித்தகட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார். கேட்டதற்கு, "பூட்ட நான் தொடவே இல்லியே மாப்ளே" என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அந்த முறைதான் மலையில் காட்டிலாகா காவலாளி அவரைப் பிடித்தான். தப்பி ஓடிய அவசரத்தில் பாறையில் மோதி, துப்பாக்கியின் மரக்கட்டை விரிசல் விட்டிருந்தது. தாசில்தார் எங்கள் இருவரையும் தாலுகா கச்சேரிக்குக் கூப்பிட்டு விசாரித்தார். "என் மச்சினன்தாங்க குடுத்தான்" என்று இவர் கண்ணை இமைக்காமல் சொன்னார். நான் மறுத்தால் அக்கா புருஷனைத் திருடன் என்று சொன்னதாக ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். இன்னொரு முறை துப்பாக்கி வேறு கைக்குப் போனால் லைசன்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்று தாசில்தார் சேவகர்கள் எதிரில் என்னைத் திட்டினார். வெளியே வந்ததும் மச்சான் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அதை வாங்கி மென்றேன். இந்த மனிதரின் மூக்கை நாலு பேர் எதிரில் உடைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்த வாரமே ரயிலேறிச் சென்னையில் ஓர் இரும்புப் பெட்டிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, தகட்டின் கனத்தையும் கதவிலிருந்து நாலு பக்கமும் நீளும் தாழ்களையும் காட்டினார். தீப்பிடித்தாலும் உள்ளே ஒன்றும் ஆகாது என்றார்.

"தீ கெடக்கட்டும். தூக்கிட்டுப் போக முடியுமா? அடியில பெயர்க்க முடியுமா? கீலு வெளிய தெரியுதா?" என்று கேட்டேன்.

"இவ்வளவு கேக்கிறீங்களே, யாருங்க திருடன்?" என்றார். ஆள் உயரத்துக்கு நின்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து அதை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, ஷாப் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து இறக்கி, சுவரை இடித்துப் பதித்தார்கள்.

வெறும் இரும்பில் அத்தாவின் துப்பாக்கியைச் சாய்க்க மனம் வரவில்லை. எங்கள் ஷாப்பில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலில் முதல் தரமானதைப் பொறுக்கி, உட்புறம் முழுக்க ஒட்டச் செய்தேன். இரும்பு பட்டால் தோல் கறுத்துப்போகும், இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால் தோல் கெடாமலிருக்க, பெட்டித் தகட்டுக்கும் தோலுக்கும் நடுவில் மெழுகுத்துணி கொடுத்தேன். அதே தோலில் ஓர் உறையும் தைத்து, துப்பாக்கியை அதற்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பெருநாள் விருந்துக்கு எல்லாரும் கூடும்வரை திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் மழை கொட்டித் தீர்த்தது. ராத்திரி படுக்கும்போதெல்லாம், மச்சான் அந்தக் கதவின் முன்னால் அசடு வழிய நிற்பதை நினைத்துப் பார்ப்பேன். தூக்கம் சுகமாக வரும்.

பெருநாளன்று எதிர்பார்த்தபடியே சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டார். "இன்னா மாப்ளே, மலைக்குப் போலாமா? துப்பாக்கி எங்க?"

"வாங்க மச்சான், காட்றேன்" என்றேன். உறவுக்காரர்கள், தோல் வியாபாரிகள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். "கண்ணால பாருங்க. கை மட்டும் வைக்கக் கூடாது. லைசன்ஸ் என் பேர்ல இருக்குது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பினேன்.

கதவு திறந்ததும் புளித்த வாடை அடித்தது. உறையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. குழல் நெடுக அம்மைத் தழும்புபோலத் துரு அரித்திருந்தது. தோட்டா போடும் இடத்தில் மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. பதனிட்டபோது தோலில் ஊறிய புளிப்பும் மழை ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்றிருந்தன. தோலை இரும்பிடமிருந்து காப்பாற்றத் தெரிந்த எனக்கு, இரும்பைத் தோலிடமிருந்து காப்பாற்றத் தோன்றவே இல்லை.

மச்சான் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். தடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை. சிரிக்கப்போகிறார், சிரித்தால் அறைந்துவிடுவது என்று கையை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் புதுச் சட்டையின் நுனியால் குழலைத் தேய்த்தார், சட்டைதான் செம்பழுப்பாயிற்று.

"ஒவ்வொரு வாட்டியும் எண்ணெ போட்டுத் தொடச்சிட்டுத்தான மாப்ளே திரும்ப வெச்சேன்? மாமா இருந்தப்பவும் நான்தான தொடைப்பேன்?" என்றார். அத்தனை பேர் எதிரிலும் என் அத்தாவின் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எல்லாரும் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள், அம்மா உட்பட.

அவர் திருடியதையும், கச்சேரியில் சொன்ன பொய்யையும்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். அன்று அந்த வீட்டில் அழ வேண்டியவன் நான். அதையும் அவரே எடுத்துக்கொண்டதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.