மூலையில் ஒரு சிவப்பு நூல்

நான் தலை அலசுற வேலை பார்த்த பார்லரோட முதலாளியம்மாவுக்கு நாங்க வெச்ச பேரு ‘நியாயம் அக்கா’. முன்னாடி இல்ல, முதுகுக்குப் பின்னாடி. வாயைத் திறந்தா நியாயம்தான். கண்ணாடிக்கு மேல, ‘நிறம் பார்க்காத இடம்’னு பெருசா எழுதி ஒட்டியிருந்தாங்க. எல்லா நிறமும் சமம்னு அக்காவோட மக பள்ளிக்கூடத்துல பேசணும். அந்தப் பேச்சைக் கல்லாவுல உட்கார்ந்தபடியே வரி வரியா சொல்லிக் கொடுத்தாங்க. கேக்குறவங்களுக்குக் கண்ணு கலங்கும். நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்குவேன்.

ஏன்னா அலமாரியைத் திறக்குறவ நான். மேல்தட்டுல வெள்ளைத் துண்டு. கீழ்த்தட்டுல பழுப்புத் துண்டு, அது கறுப்பினத்துக்காரங்க வந்தா மட்டும். அதுக்குத் தனி வாளி, தனி சோப்பு. எல்லாம் சுத்தத்துக்காகத்தான்னு அக்கா ஒரு சப்பைக்கட்டு கட்டுவாங்க. துவைச்சவ சொல்றேன், ரெண்டுலயும் ஒரே அழுக்குதான். சாயந்தரம் துண்டு மடிக்கிறது மகளோட வேலை. எது எந்தத் தட்டுன்னு அவளுக்கு அத்துப்படி.

பேச்சுக்கு முந்தின நாள் மக தன் உயிர்த் தோழியைக் கூட்டிட்டு வந்தா. கறுப்பினப் பொண்ணு. முடியைப் பார்த்து இவ வெச்ச செல்லப் பேரு சுருட்டை. ரெண்டு பேரும் சேர்ந்து பேசறதா ஏற்பாடு. அவ பக்கத்துல இல்லேன்னா இவளுக்குப் பேச்சே வராது. ரெண்டு பேர் தலையையும் அலசி விட்டேன். நான் கையைத் துடைக்கிறதுக்குள்ள மக ஓடிப்போய் துண்டு எடுத்துட்டு வந்துட்டா. தனக்கு வெள்ளை, தோழிக்குப் பழுப்பு.

எனக்கும் வெள்ளை குடேன்னு சுருட்டை கேட்டா.

“உங்காளுங்களுக்கு இதுதான்.” சிரிச்ச முகமாவே சொன்னா மக. அதுல தப்பு இருக்குன்னே அவளுக்குத் தெரியலை.

சுருட்டை துண்டை நாற்காலியில வெச்சா. தலையில தண்ணி சொட்டச் சொட்ட வெளியே போயிட்டா. மறுநாள் மேடைக்கும் வரலை. மக தனியா நின்னு ரெண்டு வரி பேசினா, அழுதுட்டு இறங்கிட்டா.

இதுக்கப்புறமாவது அக்கா திருந்துவாங்கன்னு பார்த்தேன். எங்க! இப்படியா பட்டுனு சொல்லித் தொலைக்கிறதுன்னு மகளைத்தான் திட்டினாங்க.

பழுப்புத் துண்டெல்லாம் குப்பைக்குப் போச்சு. புதுசா வெள்ளைத் துண்டு கட்டுக் கட்டா வந்துச்சு. எனக்கும் சந்தோஷம்தான், கொஞ்ச நேரம். அக்கா அதுல பாதியைப் பிரிச்சு, ஊசியும் சிவப்பு நூலும் சேர்த்து என் மடியில போட்டாங்க. மூலையில சின்னதா ஒரு தையல் போடணுமாம், நமக்கு மட்டும் தெரியற மாதிரி.

த்தூ. இதுக்கு அந்தப் பழுப்பே யோக்கியம். முடியாதுன்னுட்டு ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டினேன். அக்கா முகத்தைச் சுளிச்சுட்டு மகளைக் கூப்பிட்டாங்க.

செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா தன் மக கையைப் பிடிச்சு, இன்னும் சின்னதா, இன்னும் ஓரமான்னு பொறுமையா சொல்லிக் கொடுத்துட்டு இருந்தாங்க.

“சுருட்டை திரும்ப வந்தா எதைம்மா குடுக்கறது?”

“நூல் இருக்கறதைக் குடு. வாயை மட்டும் திறக்காதே.”