பால் சிவந்த கதவு

பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர் சீச்சீ. நாற்பது வயது ஆளை அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்காதீர்கள். வாயைத் திறந்தால் அதுதான் வரும். டீ கிளாஸில் கைரேகை தெரிந்தால் ஒரு சீச்சீ. பக்கத்தில் ஒருத்தன் மூக்கைச் சிந்தினால் இரண்டு. இப்படிப்பட்ட பிறவிக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த பிழைப்பு, அடுத்தவர் அடித்த பெயிண்டில் ஒட்டிய அசிங்கத்தைத் தேய்த்து எடுப்பது.

காருக்கு நிறம் அடித்து, அதன்மேல் பளபளப்புக்குக் கிளியர் என்ற நிறமில்லாத பூச்சை அடித்துக் காயவைத்தபின் வண்டி அவனிடம் வரும். முதலில் உப்புத்தாள் ஒட்டிய முரட்டுப் பேடு, கிளியரில் நிற்கும் மேட்டைத் தின்னும். அது போட்ட கீறலை மெத்துப் பேடு தின்னும். எல்லா இடமும் ஒரே சீராக மங்கினால்தான் பாலிஷ். தண்ணீர் தெளித்துத் தேய்க்கத் தேய்க்க வெள்ளையாகப் பால் வடியும். முழங்கை வழியே அக்குள்வரை போகும், கருமம். ஆனால் வெள்ளை வடிந்தால் பயமில்லை. பாலில் காரின் நிறம் கலந்தால் கிளியர் தேய்ந்தே போச்சு, மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

பெயிண்டும் கிளியரும் அடிப்பது அவன் கூடப்பிறந்த அக்கா. கை தங்கம். கண்தான் சமீபமாகச் சதி செய்தது. ஒரே இடத்தில் கிளியர் அதிகமாக விழுந்து, சளி மாதிரி வழிந்து உறைந்துவிடும். அதற்குப் பெயர் வடிசல். தொடும்போதெல்லாம் மூன்று சீச்சீ. ஆனாலும் யார் கண்ணிலும் படுமுன் தேய்த்துச் சமமாக்கிவிடுவான். ஏனென்றால் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்: "இன்னொரு வடிசலைப் பார்த்தேன், ஸ்ப்ரே கன் என் மருமகன் கைக்குப் போயிடும்." அந்த மருமகன், காதைக் குடைந்த விரலை மோந்து பார்க்கும் ரகம்.

அன்று காலை ஒரு சிவப்பு கார். கதவைப் பார்த்ததும் சீச்சீ முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, இது கதவா, ஜலதோஷம் பிடிச்ச மூக்கா?"

"எங்கடா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எப்படித் தெரியும்? கண்ணாடி பைக்குள்ள தூங்குது. எடுத்து மாட்டுனா என்ன கேடு?"

"மாஸ்க் போட்டா கண்ணாடில ஆவி படியுதுடா. அதை மாட்டினா மூஞ்சி ஆந்தை மாதிரி வேற இருக்கு."

"இப்ப மட்டும் என்ன, மயிலா?"

அக்கா ஈரத்துணியை அவன்மேல் விட்டெறிந்தாள். அது முந்தாநாள் துணி. சீச்சீ அதை இரண்டு விரலால் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு முரட்டுப் பேடைப் பிடித்தான்.

வடிசல் பாதிதான் கரைந்திருக்கும். மத்தியானம் வருவதாகச் சொன்ன முதலாளி, மருமகனோடு வாசலில் வந்து நின்றார். சுற்றிலும் மினுமினுப்பு, நடுவில் மங்கலாக ஒரு மேடு. குருடனுக்கும் தெரியும். மெல்லத் தேய்க்க நேரமில்லை. சீச்சீ பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு பாரத்தையெல்லாம் பேடில் இறக்கி இழுத்தான். மேடு போனது. கூடவே பால் ரோஜா நிறமாகி, அப்புறம் ரத்தமாக வடிந்தது.

"அடப்பாவி! என்னடா பண்ணித் தொலைச்ச?"

"அழுத்திட்டேன் முதலாளி. கை சறுக்கிருச்சு."

"உங்க அக்கா ஒழுங்கா அடிச்சு வச்ச கதவைக் குதறி வச்சிருக்கியே! உனக்கெல்லாம் எதுக்குப் பேடு? போய்த் தேங்காய் நார் வாங்கிப் பாத்திரம் தேய்!"

ஒழுங்கா அடிச்ச கதவாம். அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கிட்டே வந்துதான் பார்த்தாள், தூரத்தில் அவளுக்கு எங்கே தெரிகிறது? அவன் தரையைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் ஒரு விளிம்பைக்கூடத் தேய்த்துக் கெடுத்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"திட்டினது போதும் முதலாளி," என்றாள். "கதவை இன்னைக்கே திரும்ப அடிச்சுத் தரேன்."

பெயிண்ட் ரூமுக்குள் போகுமுன் கண்ணாடியை மாட்டினாள். ஆவி மேலே வராதபடி மூக்கின்மேல் மாஸ்க்கை டேப் போட்டு ஒட்டினாள். கண்ணாடிக்குள் கண்கள் ஆந்தை மாதிரியே முழித்தன. சீச்சீ சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

அவள் அடித்து முடித்து வெளியே வந்ததும் அவன் உள்ளே போய்க் குனிந்து, சாய்ந்து, விளக்கடித்துப் பார்த்தான். கதவு தண்ணீர் மாதிரி சமமாக இருந்தது. பாராட்ட வாய் வரவில்லை. "ம். தேறும்," என்றான்.

அக்கா அவன் சொன்னதைக் கவனிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றாமல் சுவரைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், பேடு அலசும் வாளிக்குள் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயய்யே! இந்தக் குப்பைக்குள்ளயா இத்தனை நாள் நிக்கிறோம்? நீயெல்லாம் மனுஷனாடா? இதை ஊத்திட்டு, வரும்போது விளக்குமாறு எடுத்துட்டு வா!"

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.