ஜிப் போட்ட பக்கம்

செட்ரிக் ஃபென்டன் எதையும் மறக்காதவர் என்று பெயர் எடுத்தவர். மால்வர்ன் பக்கத்தில் வீடு வீடாகப் போய் காஸ் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கிழவர் கதவைத் திறக்க நேரம் எடுப்பார், எந்த அம்மாள் மீட்டருக்கு முன்னால் உருளைக்கிழங்கு மூட்டையை அடுக்கி வைத்திருப்பாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒன்றே ஒன்றைத்தான் மறந்தார். அதையும் நாலு பேர் பார்க்கும்படி மறந்தார்.

அவரிடம் பச்சை நிறத்தில் ஒரு பழைய கார் இருந்தது. இரண்டே சீட்டு, மேலே ஒன்றும் கிடையாது. மடக்குகிற துணிக்கூரை ஒன்று பின்னால் சுருண்டு கிடக்கும். அது அங்கேயே கிடக்க வேண்டியதுதான். செட்ரிக் சேர்ந்திருந்த கார் சங்கத்தில், மழைக்குப் பயந்து கூரையைத் தூக்கியவனை அந்த வருஷம் முழுக்கக் கேலி செய்யாமல் விட மாட்டார்கள். வேகமாக ஓட்டினால் மழை தலைக்கு மேலே பறந்து போய்விடும் என்பது அவர்கள் சித்தாந்தம். சிக்னலில் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கக் கூடாது.

இந்த வீராதிவீரர்களின் மானத்தைக் காப்பாற்றியது மேலுறைதான். இரண்டு சீட்டையும் ஸ்டியரிங்கையும் சேர்த்து மூடுகிற கறுப்பு உறை. சுற்றிலும் டிச் பட்டன், நடுவில் நீளவாக்கில் ஒரு ஜிப். நிறுத்தி வைத்தால் முழுக்க மூடலாம். தனியாக ஓட்டினால் தன் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு, பக்கத்து சீட்டை மூடியபடியே போகலாம். ஹீட்டர் சூடு வெளியே போகாமல் காலடியிலேயே தங்கும். குளிர்காலத்தில் அந்தச் சுகத்தை விட யாருக்கு மனசு வரும்?

கடையில் வாங்கிய உறை முதல் குளிரிலேயே சுருங்கிப் போய், பட்டன் எட்டாமல் நின்றது. செட்ரிக் இழு இழு என்று இழுத்ததில் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அவர் மனைவி மேவிஸ்தான் காரில் விரித்துப் பார்த்து அளவெடுத்து, புதிதாக ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். ஆரம்ப நாட்களில் சங்கத்தின் கார் உலாவுக்கு அவளும் ஞாயிறுதோறும் கூட வந்தாள். பிறகு கழுத்து வலி, காற்று, காதுக்குள் இரைச்சல். ஒரு ஞாயிறு வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. செட்ரிக் ஏன் என்று கேட்கவும் இல்லை. அவள் பக்கத்தை மூடியபடியே கிளம்பப் பழகிவிட்டார்.

சங்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சங்கத்தை நடத்திய டெரெக் போன வருஷம் எல்லார் முன்னாலும் அந்த உறையைத் தட்டி, "என்னப்பா, வீட்டுக்காரி உள்ளதான் தூங்கறாளா?" என்று கேட்டான். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அதனால்தான் இந்தக் கோடையில் ஒரு ஞாயிறு உலாவுக்கு செட்ரிக் மேவிஸைக் கெஞ்சி அழைத்தார். ஆசையால் அல்ல, அந்த வாய்க்குப் பயந்து. அவளுக்கு அது தெரியாது. அவள் முடியைச் சீர்செய்துகொண்டு, புது ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வழியில் பிராட்வே என்கிற ஊரில், ஒரு மைதானத்தில் கார்களை விட்டுவிட்டுத் தேநீருக்கு நிறுத்தினார்கள். குடித்து முடித்துக் காருக்கு வந்ததும் மேவிஸ் கோட்டைக் கழற்றிக் கைப்பையோடு சீட்டில் வைத்தாள்.

"இதோ கை கழுவிட்டு வந்துடறேன், செட்ரிக்."

"சரி, சரி. மெதுவா வா."

அவள் கடைக்குள் போனதும் வானம் கறுத்தது. "உறையைப் போடுங்கப்பா!" என்று டெரெக் கத்தினான். மைதானமே பரபரத்தது. செட்ரிக் சுற்றிச் சுற்றி வந்து பட்டன்களை டக் டக்கென்று அழுத்தினார். மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டோம் என்று ஒரு பெருமிதம் வேறு. ஒரு தூறல் போட்டது. "நின்னா நனைவோம், ஓடினா தப்பிப்போம், வண்டியை எடுங்க!" என்றான் டெரெக். எல்லா எஞ்சின்களும் உறுமின. செட்ரிக்கின் கை தன்னால் ஜிப்பை நீக்கியது, தன் பக்கத்தைச் சுருட்டியது, கால் உள்ளே போனது. பக்கத்தில் உறை சற்றுப் புடைத்திருந்ததை அவர் பார்த்தார். குடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எதையும் மறக்காத மனிதர் இப்படித்தான் நினைத்தார்.

அதன் பிறகு நடந்தது என்னவென்றால், அவருக்குப் பரம சந்தோஷமாக இருந்தது. மேட்டுச் சாலையில் மழையை முந்திக்கொண்டு முன்னும் பின்னும் கார்கள், காலடியில் இதமான சூடு. இந்தக் கோடையில் இவ்வளவு நன்றாக ஒரு நாளும் அமையவில்லை என்று தோன்றியது. விசில்கூட அடித்தார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்த பப்பின் வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். டெரெக் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மேவிஸ் எங்கப்பா?"

செட்ரிக் இடப்பக்கம் திரும்பினார். மூடிய சீட்டு. பட்டன்களைப் பிய்த்து உறையை விலக்கினார். உள்ளே கோட்டும் கைப்பையும் இருந்தன.

"அடப்பாவி! பொண்டாட்டியை விட்டுட்டுப் பையைக் கூட்டிட்டு வந்திருக்கான்!"

"இன்னும் கீழ தேடிப் பாருய்யா, மடிச்சு வெச்சிருக்கப் போறான்!"

வாசலே அதிர்ந்தது. பப்பை நடத்துகிற அம்மாள் கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தாள். அப்புறம் உள்ளே தொலைபேசி மணி அடிக்கவும் திரும்பிப் போனாள். செட்ரிக்குக் காது வரை சுட்டது. சிரிக்காமல் நின்றால் இது பெரிய விஷயமாகிவிடும், சிரித்துவிட்டால் வெறும் கூத்து என்று ஏதோ ஒரு கணக்கு. அவரும் சிரித்தார். மற்றவர்களை விடச் சத்தமாகவே சிரித்தார். சிரித்துக்கொண்டே காரைத் திருப்பினார். சாலை வளைந்து யாரும் கண்ணில் படாமல் போனதும்தான் முகம் கோணியது.

மழை வலுத்துவிட்டது. அவள் சீட்டாவது நனையாமல் இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்தை மறுபடி மூடி வைத்திருந்தார். தான் தெப்பமாக நனைந்தார். வெட்கம் கெட்ட ஜென்மம், வெட்கம் கெட்ட ஜென்மம் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

மேவிஸ் தேநீர்க் கடையின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்கார்ஃப் நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. கார்கள் போன திசையில் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்திருக்க வேண்டும். கடைக்காரப் பெண் இரக்கப்பட்டு ஒரு கோப்பை தேநீர் கொடுத்திருந்தாள். செட்ரிக் சொட்டச் சொட்ட எதிரில் வந்து நின்றார்.

"மன்னிச்சுடு, மேவிஸ். அந்த மழையில ஒண்ணும் புரியலை. கொஞ்ச தூரம் போனதுமே தெரிஞ்சுபோச்சு. திருப்பறதுக்குத்தான் இடம் கிடைக்கலை."

"அப்படியா," என்றாள் மேவிஸ். "என் பையைக் கொடு. தேநீருக்கும் ஃபோனுக்கும் இவங்களுக்குக் காசு கொடுக்கணும்."

"ஃபோனா?"

"பப்புக்குப் பண்ணினேன். யாரோ ஒரு அம்மா எடுத்தாங்க. 'சத்தமாப் பேசுங்க, வெளியில எல்லாரும் சிரிக்கறாங்க, காதுல விழலை'ன்னாங்க. எனக்கு நல்லாவே விழுந்துது, செட்ரிக். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு உன் சிரிப்பு தெரியாதா?"

கடைக்காரப் பெண் அவசரமாக அடுப்பங்கரைப் பக்கம் போனாள். செட்ரிக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. மறந்ததைக்கூட எப்படியோ சொல்லிச் சமாளித்துவிடலாம். சிரித்ததை எப்படிச் சமாளிப்பது? பொய் வேறு சொல்லியாயிற்று.

"மறந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள் அவள். "நானும்தான் பாலை அடுப்புல வெச்சுட்டு மறந்துடறேன். வா, போகலாம்."

வெளியே வந்ததும் அவர் முதல் வேலையாகத் துணிக்கூரையைத் தூக்கப் போனார். சங்கம் நாசமாய்ப் போகட்டும் என்றுதான் நினைத்தார்.

"வேண்டாம்," என்றாள் மேவிஸ். "உன் சிநேகிதங்க யாராவது பார்த்துடப் போறாங்க."

அதற்கு மேல் கூரையைத் தொட அவருக்குக் கை வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். வழியெங்கும் அவர் மெதுவாகவே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் இடப்பக்கம் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் தூறல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டு வாசலில் இறங்கி அவள் கோட்டை உதறினாள்.

"கல்யாணமானதுல இருந்து ஒரு நாள்கூட நீ என்னை இவ்வளவு தடவை திரும்பிப் பார்த்ததில்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செட்ரிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போக அவருக்கு முகம் இல்லை.