கொழும்பு போகாத ரப்பர் இலைகள்

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் அதை நடத்தினார். தட்டச்சும் ஆங்கிலமும் தெரிந்த ஒரே ஊழியர் நான். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களையும் நம் பக்கத்து ஆசிரியர்களையும் விவசாயிகளையும் சேர்ந்து வேலை செய்யவைப்பதுதான் எங்கள் தொழில். இதை யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. படியேறி வந்தவர்களில் பாதிப்பேர், "கொழும்புக்குக் கப்பல் சீட்டு இங்கதானா?" என்று கேட்டார்கள்.

உண்மையில் அந்த வருஷங்களில் எங்களுக்கும் கொழும்புதான் தொல்லை. மழை தொடங்கினால் குலசேகரம் பக்கத்து ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நின்றன. இலங்கையிலும் அதே நோய். அங்கே ஒரு பண்ணையில் இதை ஆராய்ந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் எங்கள் இலைகளைப் பார்க்க விரும்பினார். நோய் பிடித்த இலை நாட்டைத் தாண்டக் கூடாது என்று டில்லி பதில் போட்டது. "அதுல தப்பு சொல்ல முடியாது மக்களே. இலை போக முடியாதுன்னா ஆளு வரட்டும்" என்று என்னிடம் சொன்னார் பேராசிரியர்.

ஆள் வருவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்வந்த கடல்தான். இப்போது அதன் இரு கரைகளும் இரண்டு நாடுகளாகியிருந்தன. விசா டில்லியிலிருந்து வர வேண்டும். எங்கள் ஜில்லா அப்போது திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்ததால், தோட்டங்களுக்குள் நுழையும் அனுமதி அங்கிருந்து. ஒன்று வரும்போது மற்றது காலாவதியாகியிருக்கும். ஒரே மனுவைத் திரும்பத் திரும்ப அடித்ததில், அதன் வாசகங்கள் தூக்கத்திலும் என் விரல்களில் ஓடின.

ஒருவழியாக அவர் வந்து இறங்கியபோது மழை ஓய்ந்திருந்தது. மரங்களெல்லாம் புதுத் தளிர் விட்டுப் பச்சையாக நின்றன. நோயைப் பார்க்க வந்தவருக்குப் பார்க்க நோயே இல்லை. நாங்கள் போன தோட்டத்து நடுவில் பேராசிரியர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி மெல்ல நடந்தார். கொம்புகளில் போன மழைக்காலத்துக் காய்கள் கறுத்து வற்றித் தொங்கின. சிலவற்றைப் பறித்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய், இருவரும் நுண்ணோக்கியில் மாறி மாறிக் குனிந்தார்கள். அந்தக் காய்களில் நோய் உயிரோடு இருந்தது. அடுத்த மழைக்கு முன்பே துருசு என்ற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்தால் தடுக்கலாம் என்று இருவருக்கும் தோன்றியது. சோதித்துப் பார்க்கத் தோட்டம் வேண்டும்.

நாங்கள் காய் பறித்த தோட்டம் ஒரு விதவை அம்மாவுடையது. கணவர் போன பிறகு தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எங்களுக்குப் பரிமாறிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைக் கேட்டார். நடுவில் போகும் மண்சுவரான கையாலைக்கு ஒரு பக்கம் மட்டும் மருந்தடிக்க வேண்டும், மறுபக்கத்தை அப்படியே விட்டுவிட வேண்டும் என்றோம்.

"அப்போ எனக்க பாதித் தோட்டம் மொட்டையா நிக்கணுமா? நல்ல கதையா இருக்கே!"

"ரெண்டு பக்கமும் அடிச்சா, மருந்தாலதான் இலை நிண்டதெண்டு எப்பிடி அம்மா சொல்லுறது?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"உங்க நாட்டுல போய் மொட்டையாக்கிப் பாக்க வேண்டியதுதானே?"

"அங்கயும் ஒரு தோட்டத்தில செய்யிறன் அம்மா. ரெண்டு இடத்திலயும் ஒரே மாதிரி வந்தாத்தான் நம்பலாம்."

அந்த அம்மா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். அங்கேயும் யாரோ ஒருவர் பாதித் தோட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பது அவரை அசைத்திருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "செய்யட்டும் மக்கா. ஆனா கிட்டுனத இங்கிலீஷுல எழுதிக்கிட்டுப் போயிரப்பிடாது. எனக்க வாசல்ல வந்து தமிழுல பறையணும், கேட்டியா?"

அடுத்த மழைக்கு யாழ்ப்பாணத்துக்காரருக்கு விசா கிடைக்கவில்லை. வாரந்தோறும் நானும் பேராசிரியரும்தான் பஸ் பிடித்துப் போனோம். காலில் அட்டை ஏறியது. அவருக்கு மூச்சு வாங்கும். மரத்துக்கு மரம் நின்று இளைப்பாறுவார். எந்த மரத்தில் எவ்வளவு இலை உதிர்ந்தது என்று நான் நனைந்த தாளில் குறித்தேன். மருந்தடித்த பக்கத்தில் இலை பெரும்பாலும் நின்றது. மறுபக்கத்தில் கால் புதைய இலை கிடந்தது. கண்டதையெல்லாம் தபாலில் கொழும்புக்கு அனுப்பினோம். அங்கேயும் அப்படித்தான் என்று பதில் வந்தது. அதை வாசலில் நின்று தமிழில் சொன்னேன். அந்த அம்மா மொட்டை மரங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்போ வாற மழைக்கு ரெண்டு பக்கமும் அடிக்கலாம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

வேறு தோட்டங்களிலும் சோதித்துப் பார்க்க எங்களுக்கு இன்னும் ஒரு மழை வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்தில் நல்ல அதிகாரி ஒருவர், எப்போது வேண்டுமானாலும் தோட்டங்களுக்கு வந்து போக யாழ்ப்பாணத்துக்காரருக்கு நிலையான அனுமதி தந்தார். நவம்பர் பிறந்தது. எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தெருவில் வெடி வெடித்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். சில நாள் கழித்துத்தான், அந்த அனுமதி இனி செல்லாது, சென்னைக்குப் புதிதாக எழுத வேண்டும் என்று தெரிந்தது.

பேராசிரியர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சென்னையில நமக்கு யாரையாவது தெரியுமா மக்களே?"

"யாரையும் தெரியாது சார்."

"அப்போ முதல்லேருந்து சொல்லணும், இல்லியா? நாம யாரு, என்ன செய்யுதோம்னு."

தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகிவிட்டு அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். எழுப்ப மனம் வரவில்லை. நானே அடிக்கத் தொடங்கினேன்.