முப்பது பொத்தான்கள்

துரு ஏறிய ஒரு மிட்டாய் டப்பா என் பீரோவில் இருக்கிறது. உள்ளே வெள்ளைப் பொத்தான்கள் முப்பது. வீட்டில் யார் சட்டைக்குப் பொத்தான் போனாலும் அதில் கைவைக்க நான் விடுவதில்லை. அற்பப் பொத்தானுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று என் மகள் கேலி செய்வாள். செய்யட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பென்னாகரம் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அங்கே தையல் டீச்சர் ஒருவர் இருந்தார். தருமபுரியில் தையல் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிடச் சில வயது மூத்தவர். எட்டாம் வகுப்புப் பெண்களை ஒரு நாள் ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அருவி அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் பஸ்ஸில் போய் மலை இறக்கம் தொடங்கும் இடத்தில் இறங்கிக்கொள்வது, அங்கிருந்து காட்டு வழியே நடந்து ஆற்றுக்கு இறங்குவது, குளித்துச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்புவது. இவ்வளவுதான் திட்டம். இதற்கு அவர் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். தண்ணீர் இறங்கட்டும் என்று தை மாதம் வரை காத்திருந்தார். முந்தின வாரம் தானே போய், எந்தப் பாறையில் உட்காருவது, எந்த மடுவின் பக்கம் தலைகாட்டவே கூடாது என்று பார்த்துவிட்டு வந்தார். குளிக்கப் போகிறோமா, கல்யாணம் நடத்தப் போகிறோமா என்று நான் கிண்டல் செய்தேன்.

பாப்பாரப்பட்டி விவசாயி ஒருவர் மட்டும் மகளை அனுப்ப முடியாது என்றுவிட்டார். தையல் டீச்சர் மூன்று முறை அவர் வீட்டுக்கு நடந்தார். மூன்றாவது முறை நானும் கூடப் போனேன். "ஆறு கெணறு பாக்காத புள்ள. உங்க ரெண்டு பேரையும் நம்பித்தான் உடறனுங்க" என்றார் அவர். அந்த 'ரெண்டு பேரையும்' எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

கிளம்பும் அன்று காலையில் தையல் டீச்சர் முப்பத்தொரு பெண்களுக்கும் ஆளுக்கொரு பொத்தான் கொடுத்தார். திரும்பும்போது டப்பாவில் முப்பத்தொன்று விழுந்தால்தான் பஸ் ஏறலாம். தலையை எண்ணினால் போதாதா என்று கேட்டேன். "புள்ளைங்க ஓரெடத்துல நிக்காதுங்க டீச்சர். ஒருத்தியவே ரெண்டு வாட்டி எண்ணிருவீங்க. பொத்தான் ஓடாதுங்க" என்றார். டப்பாவை என்னிடம் கொடுத்தார்.

அன்று மூன்றரை மணிக்கு டப்பாவில் முப்பதுதான் இருந்தது. இரண்டு முறை கொட்டி எண்ணினேன். பாப்பாரப்பட்டிப் பெண்ணைக் காணவில்லை. எல்லாரும் குளித்துக்கொண்டிருந்தபோது நான் பொரித்த மீன் வாங்கப் போயிருந்தேன். பெயர் சொல்லிக் கத்தினோம். அருவி இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. பரிசல்காரர் ஒருவர் பரிசலை மடுவின் பக்கம் திருப்பினார். அவர் எதைத் தேடப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்தத் தகப்பனின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

தையல் டீச்சர் பாறை பாறையாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். பாறை மறைவில், ஈரத் தலையோடு, அந்தப் பெண் குனிந்து உட்கார்ந்து தன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் பொத்தான் அறுந்துவிட்டதாம். அப்படியே எல்லார் முன்னாலும் வர வெட்கம். பையின் ஓரத்தில் நூல் கோத்த ஊசி இல்லாமல் யாரும் வெளியே கிளம்பக் கூடாது என்பது தையல் டீச்சர் வகுப்புச் சட்டம். ஊசி இருந்தது, காலையில் கொடுத்த பொத்தான் கையிலேயே இருந்தது. "டப்பாவுல போட வேற இல்லீங்க டீச்சர்" என்றாள், அழுகிற குரலில்.

அடி விழும் என்று நினைத்தேன். தையல் டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொத்தானைப் பிடித்துப் பார்த்தார். "அடியில நூல நாலு சுத்து சுத்தோணும்னு சொன்னனா இல்லியா" என்றார். ஊசியை வாங்கி அவரே சுற்றி முடித்தார். முடிக்கும்போது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் பாறையில் சாய்ந்து சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. நாலு மணி பஸ் போய்விட்டது. அதற்கு யாரும் கவலைப்படவில்லை.

அவர் மாற்றலாகிப் போனபோது டப்பாவை எனக்குக் கொடுத்தார். இன்னொரு பொத்தான் வாங்கிப் போட்டுக் கணக்கைச் சரிசெய்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க. முப்பது இருந்தாத்தான் அந்தப் புள்ள வூடு போய்ச் சேந்துச்சுன்னு தெரியும்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சிநேகிதிகளோடு ஒகேனக்கல் போயிருந்தாள். கையில் போன் இருக்கிறது, காரில் போகிறாள், என்ன பயம் என்றாள். அவளிடமிருந்து வந்துசேர்ந்துவிட்டேன் என்று தகவல் வரும்வரை டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை முறை எண்ணினாலும் முப்பதுதான் வந்தது. நிம்மதியாக இருந்தது.