ஓர் அடி பின்னால் நிற்கும் வேலை

மே 18, 2009, திங்கள். காலை 10.00.

கோபன்ஹேகனிலிருந்து வைலேக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஒரு வழிச் சீட்டு 318 குரோனர். சென்னையிலிருந்து வந்து, நகரை ஒட்டிய ஹ்விடோவ்ரேயில் நான் தங்கியிருந்த வீட்டில் விடிந்ததிலிருந்து தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இலங்கையில் போர் முடிந்துவிட்டதாக அறிவித்திருந்தார்கள். வீட்டுக்காரர் யோகன் ஊற்றிய தேநீரை யாரும் குடித்து முடிக்கவில்லை. அவருடைய மச்சான் ஜெயசீலனைப் பார்க்கத்தான் நான் கிளம்பியிருந்தேன். வைலேக்கு அருகே, இளைஞர்கள் தங்கிப் படிக்கும் விளையாட்டுக் கல்லூரி ஒன்றில் அவர் பதினோரு ஆண்டுகளாகக் கூடைப்பந்து உதவிப் பயிற்றுநர். தலைமைப் பயிற்றுநர் இடம் காலியாகி, அதற்கான தேர்வு அன்று மாலை இருந்தது.

மதியம் 12.40.

ஜெயசீலன் நிலையத்தில் நின்றார். வயது நாற்பத்தாறு. ஒல்லியான உடம்பு, விளையாட்டுச் சட்டை. கையில் தொலைபேசி. போர் நடந்த வன்னியில் இருந்த அவருடைய தம்பியிடமிருந்து ஏப்ரலுக்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை என்று யோகன் சொல்லியிருந்தார்.

"தேர்வை இன்னொரு நாள் வைக்கச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அவையளே கேட்டவை. நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான். வீட்டில இருந்தா இந்தப் போனைத்தான் பாத்துக்கொண்டிருப்பன்."

காரில் பதினான்கு கிலோமீட்டர். இரு பக்கமும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. அவர் ஏறி வந்த படிகளைக் கேட்டு எழுதிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியில் ஆட்டக்காரர். இங்கே வந்ததும் பன்றி வெட்டும் ஆலையில் வேலை. மாலையில் ஊர்க் கழகத்தில் சம்பளமில்லாமல் தரை துடைத்தது, புள்ளிப் பலகை மாற்றியது. வார இறுதிகளில் பயிற்றுநர் வகுப்புகள், மூன்று சான்றிதழ்கள். பிறகு இந்தக் கல்லூரி.

"உதவிப் பயிற்றுநர் என்னதான் செய்வார்?"

"தண்ணிப் போத்திலில இருந்து எல்லாம். எதிரணி விளையாடினதைப் படம் எடுக்கிறது. வெளியில இருத்தின பிள்ளை அழுதா பக்கத்தில போய் இருக்கிறது. பெரியவர் நிக்கிற இடத்துக்கு ஒரு அடி பின்னால நிண்டு, அவற்ற காதுக்குள்ள கதைக்கிறது."

"கத்துவதில்லையா?"

"அது அவற்ற வேலை. மூண்டு பெரியவர்மாரைக் கண்டிட்டன். மூண்டு பேரும் நல்லாக் கத்துவினம்," என்று சிரித்தார்.

மாலை 4.00.

நான் எதிர்பார்த்தது மேசை, நாற்காலிகள், கேள்வி கேட்கும் ஐந்து பேர். இங்கே தேர்வு என்பது ஆடுகளத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி நடத்திக் காட்டுவது. பிறகு ஆட்டக்காரர்கள் கல்லூரி முதல்வரோடு உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள். அதுவரை பயிற்றுநர் வெளியே இருப்பார். சென்னையில் புதிய பயிற்றுநரின் பெயரை மாணவிகள் அறிவிப்புப் பலகையில்தான் பார்ப்பார்கள்.

அணியில் பன்னிரண்டு இளம்பெண்கள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே வரும் எல்லோரும் தொலைபேசியை அதில் போட வேண்டும். ஏதாவது ஒன்று ஒலித்தால், யாருடையது என்று கேட்காமல், முழு அணியும் களத்தின் நீளத்தைப் பத்து முறை ஓட வேண்டும். விதியை எழுதி ஒட்டியவர் ஜெயசீலன்தான். அவர் தன் தொலைபேசியைக் கடைசியாகப் போட்டார்.

முதல் அரை மணி நேரம் எனக்கே சங்கடமாக இருந்தது. பயிற்சிகள் துல்லியமாக இருந்தன. ஆனால் அவர் கோட்டிலிருந்து ஓர் அடி பின்னாலேயே நின்றார். ஒருத்தி தவறாக நகர்ந்தபோது வலப்பக்கம் தலையைச் சாய்த்து மெதுவாக ஏதோ சொன்னார். தலைமைப் பயிற்றுநர் வழக்கமாக நிற்கும் அந்த இடத்தில் இப்போது யாரும் இல்லை. ஆட்டக்காரிகளுக்குக் கேட்கவில்லை. முதல்வர் எதையோ குறித்துக்கொண்டார்.

4.35க்குப் பெட்டிக்குள் ஒலித்தது. டேனிஷ் பாட்டு எதுவும் அல்ல, சாதாரண மணி. பந்து நின்றது. ஜெயசீலன் அசையவில்லை. அணித்தலைவி மெட்டே பெட்டியில் துழாவி எடுத்து, ஓடிவந்து அவர் கையில் வைத்தாள்.

"ஓம், சொல்லு மச்சான்... இல்லை, எனக்கும் ஒண்டும் தெரியேல்லை. உனக்கும் இல்லையோ? ... சரி, வை."

யோகன். செய்தி ஏதும் உண்டா என்று கேட்க எடுத்திருக்கிறார். அந்த வாரம் டென்மார்க்கிலிருந்த தமிழர்கள் ஒருவரையொருவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெயசீலன் நடந்துபோய்த் தொலைபேசியைப் பெட்டியில் போட்டார். திரும்பி வந்து ஊதலை ஊதினார்.

"பத்து!" என்று டேனிஷில் கத்தினார். குரல் கூரையில் போய் மோதியது. மெட்டே ஏதோ மறுத்துச் சொன்னாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டிவிட்டு முதல் ஆளாக ஓடினார். மூன்றாவது சுற்றில் எல்லோரும் அவரைத் தாண்டியிருந்தார்கள். தங்கள் பத்தை முடித்தவர்கள் கோட்டில் நின்று கைதட்டினார்கள், கேலியும் செய்தார்கள். அவர் ஒன்பதோடு நிற்கப் பார்த்தபோது விடவில்லை.

மீதி இருபது நிமிடமும் கோட்டின் மேலேயே நின்றார். குரலும் இறங்கவில்லை.

மாலை 5.50.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். முதல்வர் வந்து கை கொடுத்தார். வேலை ஜெயசீலனுக்கே. அணியில் எவரும் மறுக்கவில்லை; ஒருத்தி மட்டும், இரண்டாவது அரை மணி நேரத்தில் பேசியது போலவே எப்போதும் பேச வேண்டும் என்றாளாம்.

"பதினோரு வருசம் பின்னால நிண்டாச்சு. இனி எனக்கொரு ஆளைத் தேடவேணும், பின்னால நிக்க," என்றார்.

மாலை 6.40.

வைலே நிலையம். வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ரயில் வர ஆறு நிமிடம். ஜெயசீலன் மனைவி வதனியை அழைத்தார். அவர் எண்ணைத் திரையில் கண்டால் அவளுக்கு முதலில் என்ன தோன்றும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல செய்தியை எங்கள் ஊரில் முதல் சொல்லாகவே சொல்லிவிடுவார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை.

"வதனி, தம்பியைப் பற்றி இன்னும் ஒண்டும் இல்லை," என்றார். மறுமுனை மூச்சு விடும்வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் வேலை கிடைத்ததைச் சொன்னார்.