மாதாவின் காலடியில் ஒரு பாஸ் பெட்டி

மரத்தூளும் வெள்ளைப் பசையும் கலந்த மணம் அந்த மாரிக்காலம் முழுக்க, ஜெர்மனியின் எசன் நகரத்தில் எங்கள் வீட்டு வரவேற்பறையை விட்டுப் போகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பா, மின்சாமான் கடையில் மலிவு விலைக்கு ஒரு பெரிய ஸ்பீக்கரை வாங்கி வந்து, அதற்குத் தானே பெட்டி அடிக்கப் போவதாகக் கிளம்பிவிட்டார். முன்பக்கத்தில் ஒரு துளை, துளைக்குள் ஒரு குழாய். உள்ளே அடைபட்ட காற்று அந்தக் குழாய் வழியாக வந்து தாழ்ந்த ஒலிகளுக்குப் பலம் கொடுக்குமாம். எங்கள் வீட்டில் அதற்கு "பாஸ் பெட்டி" என்று பெயர்.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், குழாய் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஸ்பீக்கரோடு வந்த தாளில் இருந்தது. ஜெர்மன் பள்ளிக்கூடம் போகிற நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆனால் அவ்வளவு பெரிய பெட்டியை வைக்கக்கூடிய ஒரே மூலையில், மன்னாரிலிருந்து அம்மா உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்த மாதா சொரூபம் ஒரு தட்டின்மேல் நின்றது. மாதாவை அசைக்க அம்மா சம்மதிக்கவில்லை. அப்பா தட்டுக்குக் கீழே நுழையும்படி பெட்டியைப் பாதியாகக் குறைத்தார், குழாயை மட்டும் தாளில் சொன்ன நீளத்திலேயே விட்டார். "பெட்டி சின்னனெண்டா என்ன, குழாய் சரிதானே" என்றார். பாட்டுப் போட்டபோது மேளம் வயிற்றில் இடித்தது, சொரூபம் மெல்ல நடுங்கியது, அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் ஊர்ச் செய்தி "கசற்"றில் பேசிப் பதிந்தும் வரும். சண்டையில் இடம்பெயர்ந்த அம்மாவின் ஒரே தம்பியைப் பற்றி மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லாதிருந்தபோது, ஊரிலிருந்து வந்த ஒருவர் மாமா பேசிய கசற்றைக் கொண்டுவந்து தந்தார். கசற் போடும் சின்ன றேடியோவை அதன் வயருக்காக அப்பா ஏற்கெனவே கழற்றிப் போட்டிருந்ததால், பாஸ் பெட்டி பூட்டிய பெரிய பிளேயரில்தான் கேட்கவேண்டியிருந்தது.

"அக்கா, எல்லாரும் சுகமா இருக்கிறம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற கிழவரின் குரல்போல இருந்தது. அம்மா கேட்டுக்கொண்டே எழும்பிவிட்டார்.

"இது அவன் இல்லை."

"கசற் பழுதாக்கும்" என்றார் அப்பா.

"அவன்ர குரல் எனக்குத் தெரியாதே? அவனுக்கு என்னவோ நடந்திட்டுது. என்னட்டை மறைக்கினம்."

அது வீண்பயமில்லை. வெளிநாட்டில் தனியாகக் கிடந்து அழுவார்களே என்று சாவை மறைப்பதும், செத்தவர் பேரில் வேறொருவர் சேதி அனுப்புவதும் எங்கள் சனத்திடம் இருந்த வழக்கம். நானும் அதை நம்பிவிட்டேன்.

அம்மா போய் மாதாவின் முன் முழங்காலில் விழுந்து, பெட்டியிலேயே நெற்றியைச் சாய்த்தார். அவருடைய தடித்த கம்பளிச் சால்வை துளையை மூடிக்கொண்டது. உடனே அந்தக் கிழவர் போய்விட்டார். மூக்கால் பேசும் மெல்லிய குரலில் மாமா கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா திடுக்கிட்டு நிமிர, கிழவர் திரும்பி வந்தார். குனிய, மாமா வந்தார்.

அப்பாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "எழும்பாதையும். சால்வையோட அப்பிடியே இரும்."

கசற்றின் இரண்டு பக்கத்தையும் அம்மா முழங்காலிலேயே இருந்து, அழுதும் சிரித்தும் கேட்டு முடித்தார். அப்பாடா என்று நான் கதிரையில் விழுந்தேன். அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய நிம்மதி எனக்கு எப்போதாவது கிடைத்ததா தெரியவில்லை. பெட்டியைக் குறைத்தால் குழாயையும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் ஆம்பிளைக் குரலெல்லாம் இப்படித்தான் வீங்கும் என்று அப்பா பிறகு கண்டுபிடித்தார். அன்றைக்குத் தன் காலுறைகளைத் துளைக்குள் அடைத்து வைத்தார். அடுத்த பெட்டி தாளில் சொன்ன முழு அளவில் எழும்பியது, தட்டைக் கழற்றிவிட்டு மாதாவைப் பெட்டியின்மேலேயே ஏற்ற அம்மாவே சம்மதித்தார். நடந்தது மாதா செய்த புதுமை, அற்புதம் என்று அவரும், காற்றின் வேலை என்று அப்பாவும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

வீடு மாறியபோது பெட்டி போய்விட்டது, கசற்றுகளும் போய்விட்டன. மாமா மன்னாரிலிருந்து தினமும் வீடியோவில் வருகிறார், அதே மூக்குக் குரல், லேசில் ஓயாது. போனவாரம் நான் போனபோது, அம்மா ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மாமா கதைக்கிறார், கேக்கேல்லையே?"

"ஓம், அவன் கதைக்கட்டும்" என்றார்.